எதிர்க்குரலைக் கேட்டால் மட்டும் போதுமா?

தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் தலைவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது. ஏமாற்றுவதும் சோதிப்பதும் ஒரே மனம் என்பதால் இது பெரும்பாலும் பலிப்பதில்லை. அதனால்தான், மறுத்துப் பேசுவதற்கென்றே ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அரசுகளிலும் நிறுவனங்களிலும் மதிப்புப் பெற்றிருக்கிறது. அதற்குப் பலன் உண்டு. ஆனால் மறுப்பைக் கேட்பதோடு நின்றுவிடும் தலைவருக்கு, ‘எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டேன்’ என்ற நினைப்பே அடுத்த ஏமாற்றாகிவிடுகிறது.

பலனை முதலில் பார்ப்போம். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா இறக்கிவிட்ட சுமார் 1,400 பேர் கொண்ட படை மூன்றே நாளில் தோற்றது. அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர் அந்தத் திட்டத்தை எதிர்த்துக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் முக்கியமான கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகவில்லை. அதிபரின் முகம் பார்த்துப் பேசும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது. தொடக்கத்தில் வான்தாக்குதலை நோக்கிச் சாய்ந்திருந்த விவாதம், கடல் முற்றுகையில் வந்து நின்றது. போர் தவிர்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் தோன்றியதையே முடிவாக்கிக்கொள்ளாமல் காத்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு.

குறையைக் காட்டுவது கென்னடிக்குப் பின் அதிபரான ஜான்சனின் ஆட்சி. வியட்நாம் போர் விரிவதை வெளியுறவுத் துணைச் செயலர் ஜார்ஜ் பால் 1964 முதலே எதிர்த்தார். ஜான்சன் அவரை விரட்டவில்லை. கூட்டத்தில் பேசவிட்டு, மறுப்பதே அவர் வேலை என்று ஆக்கிவிட்டார். 1965 ஜூலையில் பாலின் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார். சில நாள்களில் படைபலத்தை 75,000இலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். ஒப்புக்குச் செய்யும் மறுப்பைவிட மனமாரச் செய்யும் மறுப்பே நல்ல சிந்தனையைத் தூண்டுகிறது என்று உளவியலாளர் சார்லன் நெமத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. பால் பேசியது ஒப்புக்கல்ல. அப்படியிருந்தும் அது கண்துடைப்பாகவே முடிந்தது என்றால், மறுப்பவரின் நேர்மை மட்டும் போதாது என்றாகிறது.

வேறென்ன வேண்டும் என்பதற்கு 1986 ஜனவரி 27 இரவில் விடை இருக்கிறது. சாலஞ்சர் விண்ணோடத்தின் உந்துகலத்தைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக் கூடாது என்றார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துவிடும், இணைப்பு வழியே வாயு கசியும் என்பது அவர்கள் அச்சம். அவர்கள் பேசியதை எல்லோரும் கேட்டார்கள். ஆனால் ஏவுவது பாதுகாப்பானது என்று மேலிடம் மெய்ப்பிக்க வேண்டிய இடத்தில், ஆபத்தானது என்று பொறியாளர்கள் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. நாசா அதிகாரிகளின் அதிருப்திக்குப் பிறகு நிறுவன மேலாளர்கள் தங்கள் பரிந்துரையை மாற்றினார்கள். மறுநாள் ஏவிய 73ஆவது வினாடியில் கலம் சிதறி ஏழு பேரும் மாண்டார்கள். அந்த இரவில் பேசும் உரிமை இருந்தது. மெய்ப்பிக்கும் சுமைதான் ஆள் மாறி விழுந்தது.

மறுப்பவரும் தவறலாமே, ஒவ்வொரு மறுப்புக்கும் நின்றால் வேலை நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மறுப்பவர் சொல்வதற்கெல்லாம் தலைவர் தலையாட்ட வேண்டியதில்லை. எந்தச் சான்று வந்தால் முடிவை மாற்றுவேன் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிவைத்தால் போதும். அதன்பின் மறுப்பை ஏற்பதோ தள்ளுவதோ அன்றைய மனநிலையைப் பொறுத்ததாக இராது. சந்தேகத்தை வெளியே காட்டினால் தொண்டர்கள் சோர்ந்துபோவார்கள் என்பதும் ஓரளவு சரிதான். ஆனால் உறுதி தேவைப்படுவது முடிவெடுத்த பிறகு. அதற்கு முன்பே காட்டும் உறுதி, கேள்வி கேட்பவர்களின் வாயை அடைக்கத்தான் உதவும். ஆகவே ஒரு தலைவரை மதிப்பிட, எத்தனை பேரைப் பேசவிட்டார் என்று எண்ணுவதில் பயனில்லை. பிறர் மறுத்ததால் அவர் கைவிட்ட முடிவுகள் எவை என்று கேட்க வேண்டும். நெடுங்காலம் பதவியில் இருந்தும் அப்படி ஒன்றைக்கூடக் காட்ட முடியாதவருக்கு, பக்கத்தில் மறுப்பாளர் இருப்பது வெறும் அலங்காரம்தான்.