கிளோடியஸின் குடும்பமும் வரலாற்றாசிரியரின் வர்க்க நோக்கும்

உரோமப் பேரரசன் கிளோடியஸ் (ஆட்சி கி.பி. 41–54) பற்றிய இலக்கியச் சித்திரம் பெரும்பாலும் தசிற்றஸ், சுவெற்றோனியஸ் ஆகிய இருவராலும் தீட்டப்பட்டதாகும். மனைவியருக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் ஆட்பட்ட பேதை என்பதே அச்சித்திரம். 1934இல் வெளிவந்த றொபேட் கிரேவ்ஸின் நாவல் அவனைப் பேதைவேடம் பூண்ட அறிவாளியாக்கியது. ஆயினும் அரண்மனைச் சூழ்ச்சியே வரலாற்றை இயக்குகிறது என்ற பார்வையை அது கைவிடவில்லை. இப்பார்வை யாருடையது என்பதே ஈண்டு எமது வினா.

கிளோடியஸ் நால்வரை மணந்தான். மூன்றாம் மனைவி மெசலினா 48இல் கொல்லப்பட்டாள். மறு ஆண்டில், சட்டத்தை மாற்றுவித்துத் தமையன் மகளாகிய அகிரிப்பினாவை மணந்தான். 50இல் அவள் மகன் நீரோவைச் சுவீகரித்தான். சொந்த மகன் பிரித்தானிக்கஸ் பின்தள்ளப்பட்டான். இவற்றைத் தனிமனித பலவீனமாகவே நூலாசிரியர்கள் காண்கின்றனர். ஆனால், ஆட்சியுரிமையை வரையறுக்கும் சட்டம் உரோமில் இருக்கவில்லை. காவற்படையினருக்கு ஆளுக்கு 15,000 செஸ்ரேர்ஸ் வாக்களித்து அரியணை ஏறியவன் கிளோடியஸ். அவன் அகஸ்தஸின் நேர்வழித்தோன்றல் அல்லன்; அகிரிப்பினாவோ அகஸ்தஸின் கொள்ளுப்பேத்தி. எனவே இத்திருமணம் மோகத்தின் விளைவு மட்டுமன்று, அரசியல் தேவையுமாகும்.

விடுதலையடிமைகள் மீதான வெறுப்பும் இவ்வாறே நோக்கப்படவேண்டும். பேரரசனின் வீடே நிருவாக இயந்திரமாக வளர்ந்தது. நார்சிஸஸ் கடிதத்துறையையும் பல்லாஸ் கணக்குத்துறையையும் நடத்தினர். செனற்றர்கள் தம் அதிகாரம் நழுவுவதைக் கண்டனர். செனற்றரான தசிற்றஸின் ஏளனத்தில் அக்கசப்பு ஒலிக்கிறது. சுவெற்றோனியஸ் செனற்றரல்லர், குதிரைவீரர் வகுப்பினர். ஹேட்ரியன் காலத்தில் அவர் வகித்தது, நார்சிஸஸ் வகித்த அதே கடிதச் செயலாளர் பதவியாகும்! பதவி பழிப்புக்குரியதாகவில்லை, அதனை வகித்தவனின் பிறப்பே பழிப்புக்குரியதாயிற்று.

இதனால் கிளோடியஸை அடிமைகளின் காவலனாகக் கொள்ளுதல் மறுதலையான தவறாகும். நோயுற்றுக் கைவிடப்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றவராவர் என அவன் ஆணையிட்டது உண்மை. அதே ஆட்சியில், 52இல், அடிமையோடு கூடிவாழும் சுதந்திரப் பெண்ணின் நிலையைத் தாழ்த்தும் தீர்மானத்தைச் செனற் நிறைவேற்றியது. அதனை வகுத்தவன் ஒருகாலத்தில் அடிமையாயிருந்த பல்லாஸே. செனற்றர்கள் அவனுக்கு விருதும் ஒன்றரைக் கோடி செஸ்ரேர்ஸும் வழங்க முன்வந்தனர். விடுதலை பெற்ற தனியொருவனின் உயர்வு, அடிமை முறையின் தளர்வு ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஃபூசினஸ் ஏரியை வடிக்க 30,000 பேர் பதினோராண்டுகள் ஓயாது உழைத்தனர் எனச் சுவெற்றோனியஸ் ஒரு வாக்கியத்திற் கூறி அப்பாற் செல்கிறார். மனைவியரின் பெயர்களை அறிவோம். அம்முப்பதினாயிரவருள் ஒருவர் பெயரையேனும் அவர் தரவில்லை. அவ்வொற்றை வாக்கியத்திலிருந்து அந்நூலை மீள வாசிப்பதே விமரிசகர் முன்னுள்ள பணியாகும்.