காரியைச் சுட்டது யார்?

தைத் திங்கள் பிறந்தால் தருமபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு தவறாமல் நடைபெறும். காரைக்கால் பகுதி வாடிவாசல்களுக்குப் பேர்போனதன்று. ஆயினும் தொலைக்காட்சியில் அவனியாபுரமும் பாலமேடும் அலங்காநல்லூரும் தோன்றியதும், திருப்பலி முடிந்து வரும் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். "வாயில்லாச் சீவன் வதைபடுவதை வேடிக்கை பார்ப்பது கிறிஸ்தவனுக்கு அழகா?" என்பார் ஒருவர். "பெற்ற பிள்ளையைப் போலக் காளையை வளர்ப்பவனுக்கு நீர் அன்பைக் கற்பிக்க வேண்டா" என்பார் மற்றவர். இம்முறை நான் எவர் பக்கமும் சேரவில்லை. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' என்னும் குறுநாவலை அவர்கள் கையில் கொடுத்தேன். அதனை நானும் மீண்டும் படித்தபோது எழுந்த எண்ணங்களையே இங்கு வாசகர்முன் வைக்கிறேன்.

செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய 1959-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த சிறுநூல் இது. ஒரு பிற்பகல், ஒரு திடல், ஒரு காளை, கதைக்களம் அவ்வளவே. தன் தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த காரி என்னும் காளையை அணைந்தே தீருவது என்று வருகிறான் பிச்சி. துணைக்கு மருதன் வருகிறான். காரியோ வாடிபுரம் ஜமீன்தாரின் காளை. அதன் திமிலில் கைவைக்க எவரும் துணிவதில்லை. பிச்சி துணிகிறான், வெல்கிறான், காயம்பட்டு வீழ்கிறான். கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு வீரக்கதையாக மட்டுமே நின்றிருக்கும். ஆனால் செல்லப்பா மேலும் ஓரடி எடுத்துவைக்கிறார். தோற்று வெறிகொண்டு ஓடிய காளையை ஜமீன்தாரே சுட்டுக் கொன்றுவிடுகிறார்.

இந்நூலின் திறவுகோல் அந்த ஒரு வெடியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வெறிபிடித்த காளையால் ஊருக்குத் தீங்கு நேரும் என்று அதற்குக் காரணம் காட்டலாம். எனினும் அதுவரை படித்துவந்தவர் அவ்வாறு எண்ணி அமைதி கொள்ள இயலாது. கொம்புக்கும் கைக்கும் நடந்த போரில் காளை சாகவில்லை. தன்னை வளர்த்து, தீனியிட்டு, ஊரார்முன் நிறுத்திப் பெருமை தேடிய கையாலேயே அது சாகிறது. அது செய்த குற்றம் ஒன்றே: எசமானின் மானத்தைத் தன் திமிலில் சுமந்து நின்றது, அதனைக் கீழே போட்டுவிட்டது.

முல்லைக்கலியில் ஏறு தழுவிய இளைஞனுக்கு ஆயர்மகள் மனைவியாக வாய்ப்பாள். அங்கே காளைக்கு அப்பால் ஒரு குடும்பம் தொடங்குகிறது. செல்லப்பாவின் திடலில் பெண்ணும் இல்லை, மணமும் இல்லை. மகனுக்குப் பழி, ஜமீனுக்குக் கௌரவம் என்று இரண்டே பொருள்கள் எஞ்சுகின்றன. நம் நாளில் சிறந்த மாடுபிடி வீரருக்கு மகிழுந்து பரிசாகிறது. இரண்டாயிரம் ஆண்டு மரபு என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் ஒன்றுக்குள் மனிதனின் வேட்கை எத்தனை முறை உருமாறியிருக்கிறது என்பதை இந்நூல் நமக்கு உணர்த்திவிடுகிறது.

நூலில் குறை இல்லாமல் இல்லை. மாடு அணைபவரின் நுட்பத்தை இத்துணை நெருங்கிப் பார்த்த ஆசிரியர், காளையின் அச்சத்தை அத்துணை நெருங்கிப் பார்க்கவில்லை. காரி பெரும்பாலும் மனிதர் கண்ணுக்குத் தெரியும் காரியாகவே நிற்கிறது. அம்புலியை இழந்த வீட்டின் அழுகுரலும் திடல்வரை வந்து சேர்வதில்லை. இவ்விரண்டையும் வாசகரே தம் நெஞ்சில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதே உண்மையைச் சேவற்சண்டைக் களத்தில் வைத்துக் காட்டியது வெற்றிமாறனின் 'ஆடுகளம்' (2011) என்னும் திரைப்படம். தேறாது என்று குரு ஒதுக்கி, கொன்றுவிடச் சொன்ன சேவலைக் கொல்லாமல் வளர்க்கிறான் சீடன். அது களத்தில் வென்றும்விடுகிறது. மகிழ வேண்டிய குருவின் உள்ளத்தில் நஞ்சு ஊறத் தொடங்குகிறது. ஈழக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன் அக்குருவாக நடித்தார். அவர் முகத்தில் மெல்லப் படரும் அந்த இருளை மறத்தல் அரிது. சேவலின் காலில் கட்டிய கத்தியைவிட, மனிதனின் சொல்லில் கட்டிய கத்தி ஆழமாகப் பாய்கிறது.

இனி நீதிமன்றங்களின்பால் திரும்புவோம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. விலங்குக்கும் மாண்பு உண்டு என்றது. 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். அம்மாதமே தமிழகச் சட்டமன்றம் தடையை விலக்கச் சட்டம் இயற்றியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் வேட்டைநாய்களை ஏவி நரியைக் கொல்லும் வேட்டை, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2005 பிப்ரவரி முதல் தடைபட்டது. அங்கும் ஒரு சாரார் கொடுமை என்றனர். மறுசாரார் நாட்டுப்புற வாழ்வின் மரபு என்றனர்.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் மக்களுக்கு அந்நாட்டின் தீர்வும் சிந்தனைக்குரியது. விலங்கை வதைப்பது பிரான்சில் குற்றம். ஆனால் இடையறாத உள்ளூர் மரபு உள்ள இடங்களில் காளைப்போருக்கும் சேவற்சண்டைக்கும் விலக்கு உண்டு. 2012-இல் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் காளைப்போருக்கான விலக்கை ஏற்றது. 2015-இல், புதிய சேவற்களங்கள் திறப்பதற்கு உள்ள தடையையும் ஏற்றது. பின்னைய வழக்கு எழுந்த ரெயூனியன் தீவு, நம் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழரின் வழிவந்தோர் வாழும் மண். பழைய களத்தில் சிந்தினால் மரபு, புதிய களத்தில் சிந்தினால் குற்றம் என்றால், சேவலின் குருதிக்கு அவ்வேறுபாடு தெரியுமா?

மரபு, கொடுமை என்னும் இரு தராசுத் தட்டுகளில் எதையும் நிறுத்துவிடலாம் என்று நாம் நம்புகிறோம். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி வங்கா நரியை வலைவைத்துப் பிடித்து, கோயிலில் வழிபட்டு, கயிறு கட்டிக் கூட்டத்தினிடையே ஓடவிட்டு, பின்னர்க் காட்டில் விட்டுவிடும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நன்மை என்பது நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பது குற்றமாதலால் வனத்துறை தடுத்துவருகிறது. அம்மக்கள் நரியைக் கொல்ல விரும்புவதில்லை, வணங்கவே விரும்புகின்றனர். ஆயினும் கால்நடுங்க ஓடும் அச்சிற்றுயிர், தன்னைச் சூழ்ந்து எழும் ஆரவாரம் பக்தியா பகையா என்று எவ்வாறு அறியும்? நரிக்கும் ஒரு வளை உண்டென்று எண்ணிப் பார்த்த ஆண்டவரைப் பின்செல்லும் நாம் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

இது பிறர் வழக்கும் அன்று. திண்டுக்கல் மாவட்டம் கொசவபட்டியிலும் தஞ்சை மாவட்டம் திருக்கானூர்பட்டியிலும் புனித அந்தோணியார் பெயரால் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. சனவரி 17 அன்று நாம் கொண்டாடும் வனத்து அந்தோணியார் கால்நடைகளின் காவலர்; அவர் திருநாளில் ஆடுமாடுகள் மந்திரிக்கப்படுகின்றன. திருச்சபையும் இவ்வழக்கில் தடுமாறியதுண்டு. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் காளைப்போரை முற்றாக விலக்கினார். களத்தில் இறப்போருக்குக் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றார். எட்டே ஆண்டுகளில், 1575-இல், பதின்மூன்றாம் கிரகோரியார் பொதுநிலையினர்க்கு அத்தடையைத் தளர்த்தினார். திருநாள்களில் மட்டும் நடத்தலாகாது என்றார். 1596-இல் எட்டாம் கிளமெண்ட் மேலும் தளர்த்தினார். காளைப்போர் வேறு, ஏறுதழுவல் வேறு என்பதை அறிவேன். நம் களத்தில் வாளும் ஈட்டியும் இல்லை. எனினும் பழைய தடை பெரிதும் மனித உயிரையும் ஆன்மாவையும் எண்ணி எழுந்தது. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் விலங்கின் துன்பத்தையும் எண்ணுகிறது. தேவையற்ற வதை மனித மாண்பையே குலைக்கும் என்பது அதன் கருத்து.

ஆகவே என் திண்ணை நண்பர்களுக்கு என் விடை இது. சட்டம் வேலி போடலாம், மருத்துவரை நிறுத்தலாம், தடை விதிக்கலாம், விலக்கலாம். ஜமீன்தாரின் கைத்துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் எதுவும் இல்லை. அது நெஞ்சுக்குள் இருக்கிறது. தோற்றுத் திரும்பும் காளையை அன்று மாலை எந்த முகத்தோடு தொழுவத்தில் எதிர்கொள்கிறான் என்பதில்தான் வளர்த்தவனின் அன்பு அளக்கப்படும். புனிதர் பெயரால் விழா எடுக்கும் ஊரார் இதனைத் தமக்குள் கேட்டு, விடை கலங்குமாயின், அவ்வாண்டு மந்திரிப்போடு நிறுத்திக்கொள்ளும் துணிவு கொள்ள வேண்டும். திமிலைப் பிடிக்கும் துணிவினும் அது பெரிது.

நூலைத் திருப்பித் தந்தபோது, காளையின் பக்கம் வாதாடும் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பிச்சி செயிக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டே படித்தேன். அவன் செயித்தால் காரிக்கு என்ன ஆகும் என்று ஒருமுறைகூட நான் நினைக்கவில்லையே" என்றார்.