அறிவித்தலின் மொழி: கணினியியல் ஆய்வுச் செய்திகள் குறித்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகக் கணினித் துறைகள் வெளியிடும் ஆய்வுச் செய்திகளையும், நடைபெறவுள்ள உரைகள் பற்றிய அறிவித்தல்களையும் இலக்கியத் திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. அவை கவிதையுமல்ல, கதையுமல்ல. உரை முடிந்த மறுநாளே பயனற்றுப் போபவை. எனினும் எழுதப்பட்ட எதற்கும் எழுதுவோரும் வாசிப்போரும் உளர். அவ்விரு சாராருக்குமிடையே ஒரு சமூக உறவும் உண்டு. அவ்வுறவை ஆராய்வது திறனாய்வுக்குப் புறம்பான பணி என நாம் கருதவில்லை.

இவ்வறிவித்தல்களின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. உரையாளர் பெயர், அவர் பெற்ற பட்டங்கள், தலைப்பு, மண்டபம், நேரம் என்பன முறையாக இடம்பெறும். பெயர்ச்சொல்லின்மேற் பெயர்ச்சொல் அடுக்கப்பட்ட தலைப்பில் வினைமுற்றைக் காண்பது அரிது. இந்த ஆய்வால் யாருக்கு என்ன நேரும் என்ற வினாவுக்கு அங்கு இடமே இல்லை. இலங்கையில் இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. கல்முனைக் கரையோர ஊர்களிற் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருவர் மௌத்தான செய்தி அறிவிக்கப்படுவதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறந்தவர் யார், இன்னாரின் வாப்பா, இன்னாரின் காக்கா, ஜனாஸா எப்போது என்பன சில வாக்கியங்களில் அடங்கிவிடும். கேட்பவர் யார் என்பதை அறிந்து ஆக்கப்பட்ட மொழி அது. துறை அறிவித்தலோ தன் அயலில் வாழ்பவரைக் கேட்போராகக் கருதுவதே இல்லை.

அயல் என்று நாம் கூறுவது வெறும் உருவகமன்று. கல்முனைக்கு மேற்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனையிலிருந்து சம்மாந்துறை தொலைவானதல்ல. போர்க்கால இடப்பெயர்வின் விளைவாக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இற் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அங்கேதான் உள்ளது. இப்பகுதி மாணவர் க.பொ.த. உயர்தரம் வரை இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் தமிழிலேயே கற்கலாம். செய்நிரல், தரவுத்தளம், வலையமைப்பு என்ற சொற்கள் அவருக்குப் பாடநூற் சொற்கள். விஞ்ஞான பீடத்தினுள் நுழைந்ததும் அச்சொற்கள் அவரைவிட்டு நீங்குகின்றன. ஆங்கிலம் அவருக்குத் தொழில் தரும் என்பது உண்மையே. விவசாயியின் பிள்ளை ஆங்கிலம் கற்பதை எதிர்ப்பவர் எமது அணியினரல்லர். ஆயினும் கற்றவர் தம் ஊருக்கு எதைத் திருப்பிச் சொல்வது, எம்மொழியிற் சொல்வது என்ற வினா தீராமலே இருக்கிறது.

வியப்பு யாதெனில், ஆங்கிலத்தில் அறிவிக்கப்படும் இவ்வாய்வுகளுட் சிலவற்றின் பொருளே தமிழாக இருப்பதாகும். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் அரசகரும ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்குமிடையே பெயர்க்கும் 'சி-த' என்னும் இயந்திர மொழிபெயர்ப்பு முறைமை பற்றி 2018இற் கட்டுரை வெளியிட்டனர். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தையும், தமிழும் அரசகரும மொழி என்று கூறிய 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தையும் கண்ட நாட்டில் இது வெறும் தொழினுட்பச் செய்தியன்று. விளங்காத மொழியிற் கடிதம் பெற்றுக் கந்தோருக்குக் கந்தோர் அலைந்தவர்க்கு இதன் பெறுமதி தெரியும். இவ்வாய்வை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இயந்திரம் கற்கும் தமிழ் யாருடைய தமிழ்? சொற்களிடையேயுள்ள இலக்கண உறவுகள் குறிக்கப்பட்ட தமிழ் வாக்கியத் தொகுதிகளுள் முற்பட்டதொன்று பிராக் நகரின் சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதிலுள்ளவை 600 வாக்கியங்கள். சென்னைத் தினமணிச் செய்திகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பின்னர் வந்த இன்னொன்று, தோமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இலக்கண நூலின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொண்டது. செய்தித்தாளும் இலக்கண நூலும் தமிழேயாயினும், அவை தமிழின் ஒரு பகுதி மாத்திரமே. நற்பிட்டிமுனையில் ஒரு பிள்ளை 'காக்கா வந்தார்' என்றால் அண்ணன் வந்தார் என்பது பொருள். இத்தொகுதிகளை மட்டும் பயின்ற இயந்திரம் அங்கே பறவையைக் காணுமாயின் குற்றம் இயந்திரத்தினதன்று. உம்மா, ராத்தா என்ற சொற்களும் இவ்வாறே எண்ணிக்கைக்குள் வராது போகலாம். எது எளிதில் அச்சிற் கிடைக்கிறதோ அது பொதுமொழியாகிறது. அச்சு யார் கையிலிருந்தது என்பது வர்க்க வரலாறு, இங்கு இனத்துவ வரலாறுமாகும்.

இக்குறையைக் களையும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936இற் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கல்முனைக்குடியிற் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழியியலாளராகவும் மார்க்சியத் திறனாய்வாளராகவும் ஒருங்கே இயங்கியவர். கணினித் துறையின் உரை வரிசையில் இவர்கள் வழிவந்த தமிழ்த்துறையினருக்கு ஓர் இருக்கை தருவதாற் கணினியியல் தாழ்ந்துவிடாது. (தமிழ்த்துறையினரும் கணினியைத் தட்டச்சுப் பொறியாக மட்டும் கருதும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.)

ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுதினால் உலகம் வாசிக்காது எனச் சிலர் கூறுவர். கட்டுரை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நாம் கேட்பது அறிவித்தலை. அதனுடன் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை. எந்த ஊர்ப் பேச்சிலிருந்து எத்தனை வாக்கியங்கள் சேர்க்கப்பட்டன, அவற்றைச் சொன்னவர்களின் சம்மதம் பெறப்பட்டதா, முடிவு எங்கே வாசிக்கக் கிடைக்கும் என்பன அதில் இருத்தல் வேண்டும். உரைகளுள் ஒன்றையேனும் மாலை வேளையிற் கல்முனை நகரிற் தமிழில் நிகழ்த்தலாம். பாடசாலை ஆசிரியர் வருவர், உயர்தர மாணவர் வருவர், கேள்விகளும் வரும்.