அம்புலி பதில் சொல்வதில்லை

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் அம்புலிப் பருவம் பாடுவதே கடினம் என்பார்கள். குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கும் அந்தப் பருவத்தில் நான்கு உபாயங்கள் உண்டு. நீயும் இவளும் ஒன்றுதான் என்று இணக்கம் பேசுவது சாமம். வந்தால் இன்னின்ன கிடைக்கும் என்பது தானம். உன்னைவிட இவள் உயர்ந்தவள் என்பது பேதம். வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுவது தண்டம். பல ஆண்டுகள் இதை வியந்து வியந்து பாடம் நடத்தியிருக்கிறேன். இதில் இல்லாதது எது என்று எனக்குக் காட்டியது என் மகளின் டான்சில் அறுவைச் சிகிச்சை.

அவளுக்கு அப்போது ஆறு வயது. காலையிலிருந்து பட்டினி. "டாக்டர் மாதிரி நீயும் தொப்பி போட்டுக்கலாம்" என்றார் செவிலியர். "முடிஞ்சதும் ஐஸ்கிரீம்" என்றார் அவள் அப்பா. "பக்கத்துக் கட்டில் பையன் அழறானா பாரு" என்றார் என் மாமியார். "அழுதா பெரிய ஊசியாப் போடுவாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான்கு உபாயங்களும் ஒரே அறையில். அவள் கேட்டதோ வேறு: "வெட்டும்போது நான் முழிச்சுக்கிட்டா என்னம்மா பண்றது?"

"வெட்டவெல்லாம் மாட்டாங்க. தொண்டையைப் போட்டோ எடுப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

கண் விழித்ததும் கரகரத்த குரலில் அவள் சொன்னது, "நீ பொய் சொன்ன." பிறகு பல மாதங்கள், நான் எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்று கேட்டாள்.

நிலா பேசாது. பேசாத ஒன்றை வசப்படுத்தத்தான் உபாயம் வேண்டும். கேள்வி கேட்ட குழந்தையையும் நாங்கள் நிலவாக்கிவிட்டோம். அவளுக்கு வேண்டியிருந்தது விடை. இது இரவுத் தூக்கம் போன்றதல்ல. முடியும்வரை மயக்க மருத்துவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார். விழித்ததும் தொண்டை வலிக்கும், அதற்கு மருந்து தருவார்கள்.

ஏன் சொல்லவில்லை? எனக்கே தெரியாது. ஒப்புதல் படிவம் அவள் அப்பாவிடம் நீட்டப்பட்டது. எனக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "நீங்க அழாம இருந்தாலே போதும்மா." பிள்ளைத்தமிழின் தாய்க்குரலைப் பெரும்பாலும் எழுதியவர்கள் ஆண்கள். அந்தத் தாய் கொஞ்சுவாள், தெய்வங்களிடம் காப்பு வேண்டுவாள். எனக்கு விளங்கச் சொல்லுங்கள் என்று யாரையும் கேட்கமாட்டாள். மருத்துவமனை எதிர்பார்த்ததும் அவளைத்தான்.

பெற்றோரின் பதற்றம் குழந்தைக்குத் தொற்றும் என்பது உண்மை. அதற்கு மருந்து தாயை வாய்மூடச் சொல்வதன்று. 2007இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸீவ் கெய்ன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மயக்க மருந்து தரும்போது பெற்றோர் வெறுமனே உடனிருந்த பிள்ளைகளைவிட, குடும்பத்தோடு முன்கூட்டியே தயார்செய்யப்பட்ட பிள்ளைகளிடம் பதற்றம் குறைவாக இருந்தது. பெற்றோருக்குக் காணொளி காட்டி விளக்கினார்கள். மயக்க மருந்து தரும் முகமூடியை முன்பே கொடுத்து வீட்டில் பழக்கச் சொன்னார்கள். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று ஓயாமல் தேற்ற வேண்டாம் என்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம்.

இப்போது அம்புலிப் பருவம் நடத்தி முடித்ததும் மாணவிகளிடம் ஒரு வேலை தருகிறேன்: நிலா என்ன கேட்டிருக்கும், எழுதி வாருங்கள். பிள்ளையை அறுவைக்கு அழைத்துப்போகும் தோழிகளுக்கும் ஒன்று சொல்வேன். படிவத்தில் கையெழுத்து விழுமுன், உங்கள் குழந்தை கேட்ட கேள்வியை அதன் சொற்களிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். விடை விளங்கும்வரை கேளுங்கள்.