இராவணன் குகையும் புதைபொருளாராய்ச்சியும்

பதுளை மாவட்டத்தில் எல்ல என்னும் ஊருக்கு அணித்தாய் ஓர் அருவியும், அயல்மலையில் ஒரு குகையும் உள. இரண்டும் இராவணன் பெயரால் வழங்குவன. சீதாபிராட்டியை அவன் ஈண்டு மறைத்து வைத்தான் என்பது செவிவழிச் செய்தி. வெலிமடைப் பகுதியிலுள்ள திவுரும்பொலையில் பிராட்டி தீக்குளித்தாள் என்பர். ஊவாவின் எல்லையைக் கடந்து நுவரெலியா செல்லும் வழியிற் சீதையம்மன் கோயில் கொண்டுள்ளாள். இவ்விடங்களையே சான்றாகக் காட்டி, இராமகாதை முழுவதும் அகழ்வினால் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு என வாதிப்போர் உளர். உல்லாசப் பயணத்துறையினர் வகுத்த இராமாயணத் தடமும் அவ்வாதத்துக்குத் துணையாயிற்று. அவ்வாதம் எவ்வளவு வலியுடையது என்பது ஆராயத்தக்கது.

ஓரிடத்தைப்பற்றி மூன்று வினாக்கள் எழலாம். அங்கே மக்கள் எப்போது வாழ்ந்தனர் என்பது ஒன்று. இப்பெயர் அதற்கு எப்போது வந்தது என்பது மற்றொன்று. நூல் கூறும் நிகழ்ச்சி அங்கேதான் நிகழ்ந்ததா என்பது மூன்றாவது. முதல் வினாவுக்கு மண்வெட்டி விடையிறுக்கும். இரண்டாவதற்குச் சாசனங்களும் பழைய ஏடுகளும் விடையிறுத்தல் கூடும். மூன்றாவதற்கு விடை கிடைத்தல் மிக அரிது. முதல் வினாவின் விடையை மூன்றாவதன் விடையாகக் கொள்வதே மேற்கூறிய வாதத்தின் குற்றமாகும்.

இராவணன் குகையின் மண் காட்டுவது கற்கால மாந்தர் வாழ்க்கையை. பண்டாரவளைக் குன்றுகளிலும் நுண்கற்கருவிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. சுவிட்சர்லாந்து அறிஞரான சரசின் உறவினர் இருவரும் 1907 இல் நில்கலைக் குகையை ஆராய்ந்தனர். களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முற்பட்டனவாகக் கணிக்கப்பட்டுள்ளன. இவற்றைச் செய்தோர் உலோகமறியா வேட்டுவர். வான்மீகியார் பாடுவதோ திரிகூட மலைமீது பொன்மதில் சூழ்ந்த மாநகரம். குகையின் தொன்மை அந்நகரின் உண்மைக்குச் சான்றாகாது.

அறிஞரிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. பி. பி. லால் 1975 முதல் அயோத்தி, சிருங்கவேரபுரம் முதலிய இடங்களை அகழ்ந்து, காதைக்கு வரலாற்றுக் கரு உண்டெனக் கொண்டார். சங்காலியாவோ இலங்கையை நடு இந்தியாவிலேயே தேடினார். கரு உண்டென்போரும் இலங்கை எதுவென்பதில் உடன்படாதபோது, எல்லக் குகையை மட்டும் ஐயமின்றிச் சுட்டுதல் யாங்ஙனம் பொருந்தும்?

பிற நாடுகளும் இவ்வழி சென்றுள்ளன. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் சிலீமன் திராய் நகரின் மதில்களைக் கண்டார். ஆயின் எலன் கவரப்பட்டமை அதனால் மெய்ப்படவில்லை. அமெரிக்காவில் 1830 இல் வெளிவந்த மோர்மன் மறை, நேபியர் என்னும் மக்களின் நகரங்களையும் குதிரைகளையும் உருக்கையும் கூறும். அதற்குச் சான்று காணும் வேட்கையால் பேர்குசன் என்பார் 1952 இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். மெக்சிக்கோவின் பழைய நாகரிகம்பற்றி அந்நிலையம் அளித்த அறிவு பெரிது. நேபியர் நகரம் ஒன்றேனும் கிடைத்திலது. பேர்குசனே இறுதியில் அந்நம்பிக்கையைக் கைவிட்டார்.

ஊவாவிலேயே மகியங்கனைத் தூபியும் இதற்கு ஒப்பாகும். புத்தபெருமான் ஞானம்பெற்ற ஒன்பதாம் மாதத்தில் ஆங்கு எழுந்தருளினார் என மகாவம்சம் கூறும். தூபியின் நினைவுப்பேழை அறையிற் கிடைத்த 11 ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அக்கால வழிபாட்டை நன்கு காட்டும், அவ்வருகையைக் காட்டமாட்டா. ஒரு சமயத்தாரின் நூலுக்குக் கொள்ளும் அளவுகோலையே மற்றையோர் நூலுக்கும் கொள்ளுதல் நடுவுநிலைமையாம்.

சான்று கிடையாமை இன்மைக்குச் சான்றாகாதே எனச் சிலர் வினவலாம். அது மெய்யே. ஆயின் அது மறுப்போரைத் தடுக்குமேயன்றி, உண்டென நிறுவமாட்டாது.

இதனாற் பத்திக்கு இழுக்கில்லை. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாந் திருப்பாடலிற் பெரும்பாலும் இராவணனை நினைப்பது, செருக்கு அடங்கி அருள்பெற்றமையை உணர்த்தவே. அவன் கோட்டை இருந்த இடத்தைச் சுட்டவன்று. கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் தோட்டத் தொழிலாளியும் அகழ்வறிக்கையை நாடிச் செல்வதில்லை. மாறாக, கோயிலின் உரிமையை மண்வெட்டியின்மேல் நிறுத்துவோர், நாளை வேறொருவர் மண்வெட்டி வேறொன்றைக் காட்டின் அவ்வுரிமையை இழக்க உடன்பட்டோராவர். இடங்களின் பழமையை முன்னிட்டு வழக்குகள் எழும் இந்நாட்டில் இவ்வபாயம் சிறிதன்று.

மண்ணிலே தேடத்தக்கது வேறொன்றும் உளது. கொசுலாந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 இல் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடிற்று. கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளைத் திருத்திய மக்களின் லயங்கள், மாரியம்மன் கோயில்கள், கல்லறைகள் ஆகியன எழுத்திற் பதியப்பெறாமலே அழிந்து வருகின்றன. இராவணன் நகரைத் தேடும் ஊக்கத்திற் சிறுபங்கேனும் இவற்றின்பாற் செல்லுமாயின், ஊவாவின் தமிழ்மக்களுக்கு ஐயத்துக்கிடமற்ற வரலாறு ஒன்று வாய்க்கும்.