குரும்பியும் பாம்பும்

பெங்களூர் இந்திரா நகரில் 2010-இல் திறந்த 'டாய்ட்' பப்புக்கு ஆபீஸ் நண்பர்கள் ஒருமுறை கூட்டிப்போனார்கள். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பீர். "நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசு மச்சி" என்றான் ஒருவன். நானும் தலையாட்டினேன். அப்போது நான் பெரும்பாணாற்றுப்படை படித்திருக்கவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய 500 அடிப் பாட்டு. பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. வலைஞர் குடியிருப்பு வந்ததும் ஒரு செய்முறை. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்ற வேண்டும். நெல்முளையை இடித்து அதில் கலக்க வேண்டும். சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. பச்சை வாடை போய் விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருவார்கள்.

இது பனங்கள் இல்லை. பதநீரில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, விட்டாலே புளிக்கும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைக்க, முளைத்த தானியத்தின் நொதி வேண்டும். டாய்டில் பார்லி முளை செய்யும் வேலையும் இதேதான். சூடான களியில் முளையைப் போட்டால் நொதி செத்துவிடும். ஆகவே "ஆற்றி" என்ற சொல் அங்கே அசைநிரப்ப வரவில்லை. செய்து பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிய சொல் அது.

முளைக்கு அவர் சொல்லும் உவமை, பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி. கரையான் கட்டும் அந்தக் கூட்டின் துளைத்துளையான பரப்பைப் பார்த்தவர்களுக்கு, வேர் பின்னிய நெல்முளை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டெனப் புரியும். எனக்கு இது அலங்காரமாகப் படவில்லை, பதம் சொல்வதாகவே படுகிறது.

நாமோ சங்கக் கள்ளை இரண்டே விதமாகப் பேசுகிறோம். ஒன்று, 'அந்தக் காலத்திலேயே' என்ற பெருமை. இன்னொன்று கூச்சம். கூச்சத்துக்கும் வரலாறு உண்டு. ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து நடத்திய 'விமோசனம்' மதுவிலக்குக்கென்றே வந்த இதழ். கல்கி அதில் வேலை பார்த்தார். குடியால் அழிந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். காய்ச்சியவரின் கைப்பக்குவத்தைப் பற்றி எழுதியது குறைவு. 1987-இல் கள்ளும் சாராயமும் தடையாயின. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக். ஆலையில் அடைத்த பாட்டில். எந்த ஊர் என்பதற்கு அதில் ருசி கிடையாது.

இப்படிச் சொல்வது எனக்குச் சுலபமில்லை. மாதவரத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்த்தான் என் மாமா ஈரல் கெட்டுச் செத்தார். அம்மா முன்னால் குடி என்ற சொல்லையே எடுக்க முடியாது. அவர் கோபம் நியாயமானது. பழையது நல்லது, புதியது கெட்டது என்று நான் வாதிட வரவில்லை. கவிஞரும் பாம்பை மறைக்கவில்லையே. குரும்பி இருக்கும் அதே புற்றில்தான் அதுவும் இருக்கிறது. நம் வாசிப்பில் பாம்பு மட்டும் மிஞ்சிவிட்டது என்பதுதான் என் குறை.

போன வாரம் தயங்கித் தயங்கி அம்மாவிடம் இந்தப் பகுதியைச் சொன்னேன். எண்ணூர், காசிமேடு எல்லாம் அந்தத் தொண்டை நாடுதான், மீன்காரங்க வீட்டு விஷயம் என்று ஆரம்பித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இன்னாடா, ரெண்டு நாள்ல ஆயிடுமா? குளிர்காலத்துல ஆப்ப மாவே ஒழுங்கா பொங்க மாட்டேங்குது. எங்கம்மா அதுக்குக் கள்ளு ஊத்துவாங்க."

மாமா இறந்த பிறகு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.