‘கூழாங்கல்’ படம் பார்த்துட்டீங்களா?

இன்னும் பார்க்கவில்லை என்றால் இன்றைக்கு ராத்திரியே பாருங்கள், மற்ற வேலையெல்லாம் நாளைக்கு! மொத்தமே 75 நிமிடம். பாட்டு இல்லை, சண்டை மாஸ்டர் இல்லை, பெயர் பெற்ற நடிகர் இல்லை. குடிகார அப்பன் ஒருத்தன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தன், மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டிப் பொட்டல், உச்சந்தலையைப் பிளக்கிற வெயில். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு பி.எஸ்.வினோத்ராஜ் தன் முதல் படத்திலேயே ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதை அள்ளிக்கொண்டு வந்தார். 2021-இல் அந்தச் செய்தி வந்தபோது, படத்தைப் பார்க்காமலே, டீக்கடையில் நின்றவர்களிடமெல்லாம் ‘நம்ம படம் ஜெயிச்சிருச்சு’ என்று சொல்லித் திரிந்தவன் நான்!

2023-இல் சோனி லிவ்வில் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நினைத்துப் பாருங்கள்: கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பொண்டாட்டியைக் கூட்டிவர, வகுப்பில் இருக்கிற மகன் வேலுவை வெளியே கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போகிறான் கணபதி. போன இடத்தில் ரகளை. பையன் பஸ் காசைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓட, இனி ஊர்வரைக்கும் நடைதான்!

அந்த நடை இருக்கிறதே, ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! முன்னால் பிள்ளை, பின்னால் கொதித்துக்கொண்டு அப்பன், காலடியில் நொறுங்குகிற சரளை, விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க, யுவன் சங்கர் ராஜாவின் இசை காற்றுக்கும் காலடிச் சத்தத்துக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்க, வேலுவாக வரும் செல்லப்பாண்டி வாயே திறக்காமல் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து வெயிலை அப்பன் முதுகில் பாய்ச்சுவான் பாருங்கள், அங்கே நான் கைதட்டிவிட்டேன், தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்! கணபதியாக வரும் கருத்தடையான் முகத்தில் வழிகிற வேர்வை என் நெற்றியில் வழிந்தது, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் நாக்கு வறண்டது, பக்கத்திலேயே செம்பு நிறையத் தண்ணீர், ஆனால் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை நடக்கும்போது நான் எப்படிக் குடிப்பேன்? வளையில் புகை போட்டு எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பம், வழியில் கிடைத்த நாய்க்குட்டி, கடைசியில் ஊற்றுக்குழியில் துளித்துளியாகத் தண்ணீர் மொள்ளும் பெண்கள்... போதும், இதற்கு மேல் சொன்னால் நீங்கள் பார்க்கும்போது கிடைக்க வேண்டியதைத் திருடியவன் ஆவேன்!

மெதுவாகப் போகிறது என்பார்கள். வெயிலில் நடக்கிறவன் வேறெப்படிப் போவான்?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. புருஷன் வீட்டில் விரட்டிவிட, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்த தன் சகோதரியின் கதையிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது என்று வினோத்ராஜே சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு துயரம், கண்ணுக்கு முன்னால் ஒரு நிலம், அதை விடாமல் பார்க்கிற பிடிவாதம். சினிமா எடுக்க இது போதும் என்று ஒருவர் செய்தே காட்டிவிட்டார்! மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கண்மாய்க்கரைக்கு ஓடினேன், சுள்ளி சுமந்து வந்த கிழவியின் நிழலைப் படமெடுத்தேன், பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’யும் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள், பார்த்த கையோடு நீங்களும் எதையாவது எடுங்கள், எடுத்ததை முதலில் எனக்குக் காட்டுங்கள்!